இடிந்தவையும் இடிக்கப்பட்டவையும்: கொங்குக் கோட்டைகளின் முடிவு குறித்து

கொங்கு நாட்டில் கோட்டை பார்க்க வேண்டுமானால் சங்ககிரி போன்ற மலைக்கோட்டைகளுக்குத்தான் போக வேண்டும். கோவையில் கோட்டைமேடு என்ற பெயரும் கோட்டை ஈசுவரன் கோயிலும் உண்டு, கோட்டை இல்லை. ஈரோட்டிலும் அதே கதை. கல்கோட்டை நின்றது, மண்கோட்டை மழையில் கரைந்தது என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை.

மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1790 ஜூலையில், ஆங்கிலேயத் தளபதி மெடோஸின் படை திப்பு சுல்தானிடமிருந்து கோவையைப் பிடித்தது. மறு ஆண்டு அங்கே விட்டுவைக்கப்பட்டது சால்மர்ஸ் என்ற லெப்டினன்டின் கீழ் ஒரு சிறு காவல்படை மட்டுமே. ஆனாலும் ஜூனில் திப்புவின் படை நடத்திய தாக்குதலை அது முறியடித்தது. பின்னர் லெப்டினன்ட் நாஷ் துணைப்படையுடன் வந்து சேர்ந்தார். அக்டோபரில் திப்புவின் தளபதி கமருதீன் கான் பெரும்படையோடு முற்றுகையிட, நவம்பர் தொடக்கத்தில் கோட்டை பணிந்தது. சிறைப்பட்டவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணம் கொண்டுபோகப்பட்டனர். 1792 பிப்ரவரியில் சால்மர்ஸையும் நாஷையும் விடுவித்த திப்பு, சமாதானக் கடிதத்தை அவர்கள் கையிலேயே கொடுத்து கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸிடம் அனுப்பியது போரின் விசித்திரங்களில் ஒன்று. மாதக்கணக்கில் தாக்குப்பிடித்த அந்த மதில் மழைக்குக் கரையவில்லை. போருக்குப் பின் இடிக்கப்பட்டது.

ஈரோடு இன்னும் தெளிவான சாட்சி. அங்கிருந்த காவல்படை 1807-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆளில்லாமல், பராமரிப்பில்லாமல் கோட்டை எழுபது ஆண்டு கிடந்தது. 1877-ல் பஞ்ச நிவாரண வேலையாக அதைத் தரைமட்டமாக்கினார்கள். தாது வருசப் பஞ்சத்தில் கூலிக்கு வழி தேடியவர்களின் மண்வெட்டிதான் அதற்கு முடிவு கட்டியது.

சங்ககிரி ஏன் தப்பியது? மலை ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,300 அடி உயரப் பாறையில் அடுக்கடுக்காக எழுந்த வாயில்களை இடிப்பதற்கு ஆகும் செலவே பெரிது. ஆனால் அந்தப் போரை முடித்த 1792 உடன்படிக்கையையும் பார்க்க வேண்டும். சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயின. கோவைச் சீமை திப்புவிடமே நின்றது. சங்ககிரி கம்பெனியின் எல்லைக்காவலாயிற்று. 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகும் அதற்கு வேலை இருந்தது: 1805-ல் கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடம் அதுதான். அவர் ஓடாநிலையில் கட்டிய கோட்டையோ கம்பெனிப் படையால் தகர்க்கப்பட்டது. ஆள்பவருக்குப் பயன்பட்டது நின்றது, எதிரிக்குப் பயன்பட்டது போயிற்று.

இது கொங்குக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. இங்கிலாந்தில் கோர்ஃப் கோட்டையை 1646-ல் பாராளுமன்றப் படை பிடித்ததும், அரச தரப்பு மறுபடி அதில் நுழைந்துவிடக் கூடாதென்று வெடிமருந்து வைத்துப் பிளந்தார்கள். அது குன்றின்மேல் எழுந்த கல்கோட்டை. கல்லும் உயரமும் மட்டுமே காப்பு என்றால் அது முழுசாக நின்றிருக்க வேண்டும்.

ஆகவே எஞ்சிய மதில்களை மட்டும் அளந்து கொங்கின் அரண் வரலாற்றை எழுதினால், மலைக்கோட்டைகளே முதன்மையானவை என்ற பிழையான படம் கிடைக்கும். சங்ககிரியும் நாமக்கல்லும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. கோவைக்கும் ஈரோட்டுக்கும் ஆய்வாளர் நம்ப வேண்டியவை முற்றுகைக் குறிப்புகள், மாவட்ட கெஜட்டியர்கள், வருவாய்த் துறையின் பழைய நில வரைபடங்கள். அவற்றைக் கோட்டைமேட்டின் இன்றைய தெருக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மதில் ஓடிய தடத்தை ஓரளவு மீட்டெடுக்கலாம்.