நீலக் கோலிக்குண்டு: பூமிப் படங்கள் செயற்கையாகத் தோன்றும் வரலாறு

1972 டிசம்பர் 7 அன்று அப்பல்லோ 17 வீரர்கள் எடுத்த பூமிப் படத்தின் வலப்பக்க மேல் விளிம்பில் சிறிய வெண்சுழல் ஒன்று தெரியும். இரண்டு நாள் முன்பு பலத்த காற்றோடும் வெள்ளத்தோடும் தமிழ்நாட்டைத் தாக்கிய புயல் அது. கரையோரத்தில் இருந்தவர்களுக்கு அது இரைச்சலும் இருட்டும். படத்திலோ பஞ்சுத் துணுக்கு.

உலகம் முழுக்க ‘நீலக் கோலிக்குண்டு’ என்ற பொருள்படும் பெயரால் அறியப்பட்ட இந்தப் படம் சுமார் 29,000 கி.மீ. தொலைவிலிருந்து ஹாசல்பிளாட் கேமராவில் ஒரே சொடுக்கில் பதிவானது. ஒட்டுவேலை எதுவும் இல்லை. ஆனாலும் வரைந்தது போலவே இருக்கிறது. சூரியன் வீரர்களின் முதுகுப்பக்கம் இருந்ததால் பூமியின் வட்டம் முழுவதும் வெளிச்சம் விழுந்தது. மேடுபள்ளத்தைக் காட்டும் நிழல் இல்லை. தரையில் நாம் தொலைவை அளப்பது இடையிலுள்ள காற்றை வைத்துத்தான்: தூரத்து மலை நீலம் பாரித்து மங்கும். விண்வெளியில் அந்த மங்கல் கிடையாது. ஆகவே கண் பூமியைக் கைக்கெட்டும் தூரத்துப் பொருளாகவே எடுத்துக்கொள்கிறது. விண்மீன்களும் இல்லை. வெயில் படும் பூமிக்கு நொடியில் சிறு பங்கு நேரமே ஒளி போதும். அதற்குள் விண்மீன் ஒளி படச்சுருளில் பதியாது.

மூலப்படத்தில் தெற்கு மேலே இருந்தது. நாம் பழகிய வரைபடத்துக்கு ஏற்ப அதைத் திருப்பி வெளியிட்டார்கள்.

இதற்கு முந்தைய படங்களை யாரும் இவ்வளவு சந்தேகிப்பதில்லை. 1946 அக்டோபர் 24 அன்று நியூ மெக்சிகோவிலிருந்து ஏவப்பட்ட வி-2 ராக்கெட் சுமார் 105 கி.மீ. உயரத்திலிருந்து கொண்டுவந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் கரடுமுரடானவை. அந்தக் கரடுமுரடே நம்பிக்கை தந்தது என்று தோன்றுகிறது.

உண்மையான திருப்பம் 2002இல் வந்தது. நாசா வெளியிட்ட புதிய ‘கோலிக்குண்டு’, அப்போது 705 கி.மீ. உயரத்தில் சுற்றிய டெர்ரா செயற்கைக்கோளின் தரவுகளால் கட்டப்பட்டது. அவ்வளவு தாழ்விலிருந்து முழு வட்டம் தெரியாது. பட்டை பட்டையாகப் பதிவானவற்றைக் கோர்த்து, நிலத்தையும் மேகத்தையும் தனித்தனியே தயாரித்து, கணினியில் ஒரு கோளத்தின் மேல் போர்த்தினார்கள். இதை மறைக்கவில்லை, விளக்கியே வெளியிட்டார்கள். ஆனால் படம் பரவிய வேகத்தில் விளக்கம் பரவவில்லை. 1972இன் பெயரையே இதற்கும் சூட்டியது குழப்பத்தை வளர்த்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2012இல் சுவோமி என்பிபி செயற்கைக்கோளின் தரவுகளைக் கோர்த்து இன்னொரு படம் வந்தது. அதில் வட அமெரிக்கா வட்டத்தையே நிறைக்கிறது. முந்தையதோடு ஒப்பிட்டவர்கள் கண்டம் எப்படிப் பெருத்தது என்று கேட்டார்கள். ஒரு சாத்துக்குடியைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தால் விடை கிடைக்கும்: காம்பைச் சுற்றிய பகுதியே முழுப் பழமாகத் தெரியும். 400 கி.மீ. உயரத்திலிருந்து பூமிப் பரப்பில் சுமார் 3 விழுக்காடுதான் கண்ணில் படும், 29,000 கி.மீ.யிலிருந்து சுமார் 41 விழுக்காடு. 2012 படத்தில் கற்பனைக் கேமராவைத் தாழ்வாக வைத்திருந்தார்கள்.

2015இல் டிஸ்கவர் விண்கலம் 15 லட்சம் கி.மீ. தொலைவிலிருந்து பூமியின் பகல் பக்கத்தை முழுசாகப் படமெடுக்கத் தொடங்கியது. கோர்வை தேவைப்படவில்லை. ஆனால் ஜூலை 16 அன்று பூமிக்கு முன்னே நிலா கடந்த காட்சி, எல்லாவற்றையும்விடப் போலியாகத் தெரிந்தது. வெட்டி ஒட்டியது போன்ற சாம்பல் வட்டம். நாம் பார்த்தே பழகாத மறுபக்கம். வலது ஓரத்தில் மெல்லிய பச்சைக் கோடு. விண்கலத்தின் கேமரா சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றைத் தனித்தனியே, சுமார் 30 நொடி இடைவெளியில் எடுக்கிறது. அந்த அரை நிமிடத்தில் நிலா ஏறக்குறைய 30 கி.மீ. நகர்ந்திருந்தது. மூன்று நிறங்களும் சரியாகப் பொருந்தாமல் போன இடம்தான் அந்தப் பச்சைக் கோடு.