தனியுலை வைத்த மூதாட்டிகள்

செட்டிநாட்டு வீடுகளின் பெருமையைப் பேசுகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூணையும் கண்ணாடிபோல் மின்னும் சுவரையும் பேசுவார்களேயன்றி, வளவு எனும் உள்முற்றத்தைக் கடந்து பின்கட்டில் அடுத்தடுத்து எரிந்த அடுப்புகளைப் பற்றிப் பேசுவது அரிது; எனக்கோ அந்த வாசஸ்தலங்களின் ஜீவன் அவ்வடுப்புகளில்தான் இருந்ததாகத் தோன்றுகிறது.

மகனுக்கு விவாகமான சில காலத்துக்குப் பின், பாத்திரம் பண்டங்களோடும் அரிசி பருப்போடும் அவனையும் மருமகளையும் ‘வேறு வைப்பது’ செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தின் சம்பிரதாயமாக இருந்தது. கூரை ஒன்று, உலை வேறு. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் நூல், கணவனை இழந்த தாய்மாரும் இவ்வாறே தனித்துச் சமைத்துத் தம் காரியங்களைத் தாமே நிர்வகித்ததைக் குறிப்பிடுகிறது. மேலோட்டமாகப் பார்க்கிறவருக்கு இது தாயை ஒதுக்கியதாகத் தெரியலாம். ஆயினும் இடுப்பில் தன் சாவிக்கொத்து, பெட்டகத்தில் தன் சீதனப் பணத்தின் வட்டிக்கணக்கு, எட்டடி தூரத்தில் மருமகளின் அடுப்புப்புகை, ‘அப்பத்தா’ என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் பேரன் என்று வாழ்ந்த மூதாட்டிக்குச் சுதந்திரமும் துணையும் ஒருங்கே வாய்த்திருந்தன என்பதே என் துணிபு.

துயரம் இல்லாமலில்லை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் மூன்று வருஷத் தவணையில் தொழிலுக்குப் போன ஆண்களை எண்ணிப் பெண்கள் காத்திருந்தார்கள். கோயில் வரிக்குத் தம்பதிகளை ஒரு புள்ளி என்றும், துணையிழந்தவரை அரைப்புள்ளி என்றும் எழுதினார்கள். அரையாக எண்ணப்பட்ட நெஞ்சின் பாரம் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

1942-இல் பர்மாத் தொழில் கைவிட்டுப் போனபின், பிள்ளைகள் பிழைப்புத் தேடிப் பட்டணங்களுக்குப் பெயர, அடுப்புகள் ஒவ்வொன்றாய் அணைந்தன.

பக்கத்துத் துணை இப்படிக் குறைந்தால் முதியோரின் மனம் என்னவாகும் என்ற கேள்வி எழுகிறது. முதியோரின் மனத்தை அளந்து பார்க்கும் முயற்சியொன்று அருகிலிருந்த மதுரையிலேயே நடந்தது. மதுரை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஏ. வெங்கோபராவ், மாதவன் என்பவரோடு சேர்ந்து 1982-இல் வெளியிட்ட ஆய்வில், அந்நகரையடுத்த சிறுநகர்ப் பகுதியொன்றின் முதியோரில் ஆயிரத்துக்கு 89 பேர் மனநோய்க்கு ஆளாகியிருந்ததும், அவர்களில் பெரும்பாலோரைப் பீடித்தது மனச்சோர்வே என்பதும் தெரியவந்தன. மூளையின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பழுதுற்று, முன்மூளையை உள்மூளையோடு இணைக்கும் பாதைகள் தளர்வதாலும் முதுமைச் சோர்வு வரலாம் என்ற கருத்தை 1997-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் முன்வைத்தனர். அப்படியிருக்க, ‘வயசானால் அப்படித்தான்’ என்று வைத்தியரிடம் அழைத்துப் போகாமல் விட்டுவிடுவது பெரும் அநியாயம்.

செட்டிநாட்டின் காரைக்குடியில் ஒரு வீட்டின் பின்கட்டில், எண்பதைக் கடந்த ஆச்சி ஒருவர் ஈரத்துணியில் சுற்றிவைத்திருந்த பனையோலைக் கீற்றுகளை ஒவ்வொன்றாய் உருவிக் கொட்டான் கூடை பின்னிக்கொண்டிருந்தார். வரிசையாகக் கிடந்த அடுப்புகளில் ஒன்றில் மட்டும் சாம்பல் இருந்தது. தனியாகச் சமைத்துச் சாப்பிடுவது கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன்.

“அப்பவும் தனியா ஆக்கித்தான் சாப்பிட்டேன் தம்பி,” என்றார் கையை நிறுத்தாமல். “ஆனா பக்கத்தடுப்புல என்ன குழம்புன்னு எனக்குத் தெரியும்.”