'தரிசு' என்னும் சொல்லும் பயிர்ச்சுழற்சியும்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கண்மாய் நஞ்சைகளை முன்வைத்து

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கண்மாய் நஞ்சைகள் ஒரு போகம் நெல்லோடு ஓய்ந்து கிடந்தவை. அங்கே பயிரை மாற்றி விளைவிப்பது பருத்தி ஆராய்ச்சி நிலையம் கொண்டுவந்த பழக்கம். இப்படியொரு கருத்து ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அதைத் தாங்கி நிற்பது அடங்கலில் காணும் 'தரிசு' என்ற ஒற்றைச் சொல். அச்சொல்லைப் படித்த முறையே தவறு என்பது என் வாதம்.

அடங்கல் ஒரு வருவாய்க் கணக்கு. ஜூலை முதல் நாளில் தொடங்கி ஜூன் இறுதியில் முடியும் பசலியே அதன் ஆண்டு. எந்தப் புல எண்ணில் எந்தப் பயிர், எவ்வளவு பரப்பு, நீர் எங்கிருந்து என்பவையே அதற்கு வேண்டும். கண்மாய்த் தண்ணீர் பாய்ந்து இரண்டாம் போகம் விளைந்தால் பசலி ஜாஸ்தி என்னும் கூடுதல் தீர்வை விழும். ஆகவே அந்த விளைச்சல் கணக்கின் கண்ணுக்குத் தப்பாது. தீர்வைக்கும் அறுவடைக்கும் வராதது கணக்குக்குத் தரிசுதான். மண்ணில் என்ன நடந்தது என்பது கணக்கின் கேள்வியே அன்று.

சம்சாரியின் பேச்சில் அதே சொல்லுக்கு வேறு பொருள். 'நெல் தரிசு உளுந்து', 'நெல் தரிசுப் பருத்தி' என்கிறோம். தரிசு என்றால் வெறும் நிலம் என்று மட்டும் கொண்டால் இத்தொடர்களுக்குப் பொருளே இல்லை. இங்கே தரிசு என்பது ஒரு காலம்: நெல் அறுத்த தாள் நிற்க, ஈரம் இன்னும் மண்ணில் இருக்கும் காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகி, நெல் தையிலோ மாசியிலோ களத்துக்கு வந்தபின் மிஞ்சும் அந்த ஈரத்தில்தான் மாசிப்பட்டம் தொடங்குகிறது. எம்.சி.யு. 7, எஸ்.வி.பி.ஆர். 3 ஆகிய பருத்தி ரகங்கள் நெல் தரிசுக்கு ஏற்றவை என்றே பரிந்துரைக்கப்பட்டன. நிலையம் தந்தது விதை. அந்த விதை போய் அமர்ந்த இடத்துக்கு உழவர் மொழியிலேயே பெயர் இருந்தது. பெயர் இருந்ததாலேயே வழக்கம் தொன்மையானது என்று நிறுவிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் வெறுமையைக் காட்டும் சான்றாக அச்சொல்லை இனி எவரும் எடுத்தாள முடியாது.

சேத்தூர் போன்ற ஜமீன் ஊர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்று கேட்கலாம். 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முந்தைய நிலைக்குப் பொருந்தாது. எதிர்த்தரப்பும் அடங்கலையே நம்புவதால் அந்தக் குறை இருவருக்கும் பொது.

மாற்றுப்பயிரால் வந்த நன்மையைத் தழைச்சத்தோடு முடித்துவிடுவதும் போதாது. பயறுவகை வேர்முடிச்சு காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்துவது உண்மைதான். ஆனால் பருத்தி வயலில் அதைவிடப் பெரிது பூச்சிக்கு இரை அறுபடுவது. பருத்திக்கட்டையைப் பிடுங்காமல் விட்டால் தண்டுக் கூன்வண்டும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் அடுத்த விதைப்பு வரை தங்கும். 1919ஆம் ஆண்டுச் சென்னை மாகாண வேளாண் பூச்சி, நோய்ச் சட்டத்தின்கீழ் கம்போடியாப் பருத்தியை உரிய நாளுக்குள் பிடுங்க வேண்டும் என்று உத்தரவிட்டதன் காரணம் இதுவே. நெல்லுக்காக மாதக்கணக்கில் நீர் கட்டிய வயலில் கட்டை நிற்க வழியில்லை. மண்ணில் தங்கும் பூச்சிகளும் நூற்புழுக்களும் பெரும்பாலும் மடிகின்றன. சட்டம் ஆணையிட்டதை இங்கே கண்மாய்த் தண்ணீர் செய்தது.

எந்தப் பயிர்மாற்றமும் நன்மையே என்று சொல்ல நான் வரவில்லை. சோளக்கட்டை மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்கள் பிடித்துக்கொள்வதால் அடுத்த பயிர் சில வாரம் வெளிறி நிற்பதைக் கரிசல்காட்டார் அறிவர். முந்தைய பயிர் எது என்பதைப் பொறுத்தே பலன்.

இனி, கொழிஞ்சி. நெல் அறுத்த வயலில், முன்னாண்டு உதிர்ந்த விதையிலிருந்து தானாக முளைக்கும். மாடு அதை விரும்பிக் கடிப்பதில்லை. கோடை வெயிலையும் தாங்கி நிற்கும். தண்ணீர் வந்ததும் அப்படியே மடக்கி உழுதால் அடுத்த நெல்லுக்குத் தழையுரம். அதற்கு விதைப்புச் செலவில்லை, அறுவடையில்லை, தீர்வையில்லை. மாசி முதல் அடுத்த உழவு வரை வயல் முழுக்கப் பச்சையாக நின்ற அந்தப் பயிருக்கு எதிரே அடங்கலில் எழுதப்படும் சொல்லும் தரிசு என்பதுதான்.