வரி வாங்குவோர் கற்ற கல்வி

உழுகிறவனும் வரி கொடுக்கிறான். கடை வைத்திருப்பவனும் வரி கொடுக்கிறான். ஆனால் அவ்வரியை மதிப்பிட்டு வாங்கும் உத்தியோகஸ்தர் அத்தொழிலை எங்கே, எவ்வாறு கற்றார் என்று குடிகள் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதுவே என்பது நமது கருத்து. கணக்கறியாதவர் கையிலோ, குடிகளின் பாஷை அறியாதவர் கையிலோ வரிக்கணக்கு அகப்பட்டால் அதன் பலனை அனுபவிப்பவன் ஏழைக் குடியானவனே. இதற்குத் தாய்நாட்டுச் சரித்திரமே சான்று.

பண்டு தமிழ்நாட்டுக் கிராமங்களில் நிலவரிக் கணக்கை எழுதி வந்தவர் கணக்குப்பிள்ளை. அவரையே கர்ணம் என்றும் கூறுவர். அவருக்குக் கலாசாலை, திண்ணைப் பள்ளிக்கூடம். அங்கே எண்சுவடியை மனப்பாடம் செய்து, மா, காணி, முந்திரி முதலிய பின்னங்களை நாவிலே ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒன்றை இருபது கூறாக்கினால் ஒரு கூறு மா. 80 கூறாக்கினால் காணி. 320 கூறாக்கினால் முந்திரி. காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் நிலத்தையும் நெல்லையும் அளக்கும் வழிகளைக் கற்பித்தன. நுட்பமான கல்விதான்; ஐயமில்லை. ஆயினும் அவ்வேலை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் குடும்பச் சொத்தாக இருந்தது. அயல்வீட்டுப் பிள்ளை எவ்வளவு திறமையாகக் கணக்குப் போட்டாலும் கணக்குச் சுவடி அவன் கைக்கு வாராது.

கும்பெனியார் ஆட்சியில் வேறொரு குறை தோன்றியது. மேலதிகாரிகளான ஆங்கிலேயருக்கு நாட்டுப் பாஷை தெரியாது; துபாஷிகள் சொன்னதே அவர்களுக்கு வேதமாயிற்று. 1792-ம் ஆண்டில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமஹால் பிரதேசம் கும்பெனியாருக்குக் கிடைத்தபோது, கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு சென்னையிலிருந்த சிவில் உத்தியோகஸ்தரை நம்பாமல், பாஷை அறிந்த ராணுவ அதிகாரி அலெக்ஸாண்டர் ரீடையும் அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோ முதலியவர்களையும் நியமித்தார். பிற்காலத்தில் சென்னைக் கவர்னராகி, ரயத்துவாரி முறையை நிலைநாட்டிய மன்றோ, ஏழாண்டுகள் அங்கே வயல்வெளிகளில் திரிந்தே தமது தொழிலைக் கற்றார்.

பின்னர் கும்பெனியார் கலாசாலைகளையும் ஏற்படுத்தினர். 1806-ல் இங்கிலாந்தில் தொடங்கிய கலாசாலை 1809-ல் ஹெய்லிபரிக்கு மாறியது. ஜனத்தொகையைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற மால்தஸ் அங்கே பொருளாதார ஆசிரியர். ஆனால் அதில் இடம் பெறுவதற்குக் கும்பெனி டைரக்டர் ஒருவருடைய சிபார்சு வேண்டும்! கிராமத்தில் பிறப்பு, லண்டனில் தயவு. இரண்டிடத்தும் தகுதிக்கு இரண்டாம் இடமே. 1855-ல் போட்டிப் பரீக்ஷை வந்த பிறகே அந்தக் கதவு திறந்தது.

1812-ல் சென்னையில் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. அதற்கு முதன்மையாக உழைத்தவர் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் துரை. சீமையிலிருந்து வந்த இளைஞர் இங்கே தமிழும் தெலுங்கும் பிறவும் பயின்று பரீக்ஷையில் தேற வேண்டும். அவர்களுக்குக் கற்பித்த தமிழறிஞருள் தாண்டவராய முதலியார் ஒருவர். மாணாக்கருக்கு எளிய வசனநடை வேண்டுமென்றே அவர் பஞ்சதந்திரக் கதையைத் தமிழாக்க, அது 1826-ல் வெளியாயிற்று. தென்னாட்டு மொழிகள் ஒரு தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று 1816-ல் எல்லிஸ் எடுத்துக் காட்டியதும் இக்கல்லூரியின் சார்பிலேதான். வரி வாங்குவோருக்குப் பாஷை கற்பிக்கப் போய், தமிழ் உரைநடையும் தமிழாராய்ச்சியும் வளர்ந்த வியப்பை என்னென்பது!

ஆனால் கல்வி மேல்தட்டோடு நின்றுவிட்டது. கலெக்டர் இலக்கணம் படித்தார்; அவர் பெயரால் குடிசை வாசலில் நின்று வரி கேட்ட சேவகனுக்கு யார் எதைக் கற்பித்தார்கள்? 1852-ல் தோன்றிய சென்னை சுதேச சங்கத்தை நிறுவிய கஜுலு லக்ஷ்மிநரசு செட்டியார் இக்கொடுமைகளைப் பார்லிமெண்டு வரை எட்டச் செய்தார். அதன் பயனாக அமைந்த விசாரணைக் கமிஷன் 1855-ல் தன் அறிக்கையை வெளியிட்டது. பாக்கி வைத்த குடியானவனைக் குனிய வைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவதும், விரல்களைக் கிட்டியில் நெரிப்பதும் நடந்தன என்பதை அது ஒப்புக்கொண்டது. வரி வாங்கும் அதிகாரமும் போலீஸ் அதிகாரமும் ஒரே கையில் இருந்ததே பெருங்கேடு. 1859-ம் ஆண்டுச் சட்டத்தால் போலீஸ் தனி இலாகாவாயிற்று.

கர்ணம் வேலையின் பரம்பரை உரிமையோ அசையவில்லை. 1895-ல் சட்டமே அதற்குக் காவலாயிற்று. 1960-ல் இந்தியச் சுப்ரீம் கோர்ட்டு, அரசாங்க வேலைக்குப் பரம்பரை ஒரு தகுதியாகாது என்று தீர்ப்பளித்தது. 1980 நவம்பரில் தமிழ்நாட்டு அரசு பழைய கிராம உத்தியோகங்களை ஒருங்கே ஒழித்தது. 1982-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதனை ஏற்றது. இன்று கிராம நிர்வாக அலுவலர், தேர்வாணையத்தின் பரீக்ஷையில் தேறி, பயிற்சி பெற்றே அந்நாற்காலியில் அமர்கிறார். கர்ணத்தின் வாசலில் கைகட்டி நின்றவரின் பேரனும் அதில் அமரலாம், பேத்தியும் அமரலாம்.

நம்மிற் பலருடைய முன்னோர் அத்தகைய கிராமங்களை விட்டே இந்நாட்டுக்குக் கப்பலேறினர். தங்கள் பெயருக்கு நேரே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று படிக்கவும் இயலாமல் கைநாட்டு வைத்தவர்கள் அவர்களுள் எத்தனை பேர்! வரி வாங்குவோர்க்குக் கல்வி வேண்டும். அதைவிட, வரி கொடுப்போர்க்கும் அக்கணக்கைச் சரிபார்க்கும் கல்வி வேண்டும். நம் பிள்ளைகள் இவ்விரண்டையும் பெறுவார்களாக.