பராக்கு: கருமத்தம்பட்டி ஆயரும் நண்பகல் பேயும்

இன்னைக்கு எபிசோடை ஒரு வார்த்தையிலிருந்து ஆரம்பிக்கலாம். பராக்கு.

"அங்க என்னடா பராக்கு பாத்துட்டு நிக்கற?" இதை வாங்காம வளர்ந்தவங்க நம்மூர்ல கம்மி. ஆனா கத்தோலிக்க வீடுகளில் இந்த வார்த்தைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஜெபத்தில் மனசு அலைவதற்குப் பேரே பராக்குதான். மங்கள வார்த்தை ஜெபத்தை வாய் சொல்லிக்கிட்டே இருக்கும், மனசு அடுப்பில் வைத்த பாலுக்குப் போயிருக்கும். பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சொல்லணும். இதில் ஒரு வேடிக்கை. ராஜா வரும்போது கட்டியக்காரன் கூவுவதும் "பராக், பராக்!"தான். அங்கே அர்த்தம் நேர் எதிர்: கவனியுங்க!

இந்த ரெண்டு பராக்குக்கும் நடுவில் மாட்டிக்கிட்ட ஒரு மனிதரோட கதைதான் இன்னைக்கு. அவர் கோயம்புத்தூர்ல ஆயரா இருந்தவர்.

அவினாசி ரோட்டில் போறவங்களுக்குக் கருமத்தம்பட்டி தெரியும். சோமனூர்ப் பக்கம் திரும்பினா தறிச் சத்தம், இந்தப் பக்கம் ஜெபமாலை அன்னை கோவில். 1846 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. அக்டோபர் முதல் ஞாயிறு, ஜெபமாலைத் திருநாள். அன்னைக்கு அந்த ஊரில் 32 வயசுப் பிரெஞ்சுக்காரர் ஒருத்தர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பேர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக். பாரிஸ் வெளிநாட்டு மறைபணிச் சபையைச் சேர்ந்தவர். 1842ல் புதுச்சேரிக்கு வந்து, தமிழ் படித்து, சேலத்தில் கொஞ்ச காலம், அப்புறம் புதுச்சேரிக் குருமடத்தில் பொறுப்பு. வந்து நாலு வருஷத்தில் ஆயர்.

அவருடைய நாள் எப்படிப் போயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மலையும் காடும் வறண்ட மேட்டு நிலமுமா ஒரு பெரிய பரப்பு. ஊருக்கு ஊர் மாட்டு வண்டியிலும் குதிரையிலும் பயணம். கையில் இருக்கிற குருக்களோ கொஞ்சம் பேர். பணம் வேணும்னு பிரான்சுக்குக் கடிதம், அனுமதி வேணும்னு ரோமுக்குக் கடிதம். பதில் வர மாசக்கணக்கு. உள்ளூரில் யாருக்கு எந்த இடம், யாருக்கு முதல் மரியாதைன்னு வழக்கு. நமக்கு நோட்டிபிகேஷன் போனில் வருது, அவருக்கு ஆள் ஆளா வாசலில் வந்து நின்னது. ஜெபத்துக்குன்னு தனிமை தேடி அவர் தியான நாட்களை ஒதுக்கினார். அந்த நாட்களில் எழுதிய குறிப்புகள் இன்னைக்கும் இருக்கு.

சரி, இதெல்லாம் சமாளிக்கக்கூடிய பராக்கு. அவரை விடாம துரத்தினது வேற ரெண்டு.

ஒண்ணு, உள்ளூர்க் குருக்கள். இந்தியர்களையே குருக்களாக்கி, ஆயர்களாக்கி, திருச்சபையை அவங்க கையில் கொடுத்துட்டு நாம கிளம்பணும்னு அவர் நம்பினார். குருமடமும் தொடங்கினார். சக மறைபணியாளர் பலருக்கு இதில் அவ்வளவு அவசரம் தெரியலை.

ரெண்டாவது இன்னும் சிக்கல். மலபார் சடங்குச் சர்ச்சைன்னு வரலாற்றில் சொல்வாங்க. பொட்டு, பூணூல், திருமணச் சடங்கு, சாதி வழக்கம் இதில் எது வெறும் ஊர்ப் பழக்கம், எது வேற்றுச் சமய வழிபாடு? 1744ல் பதினான்காம் பெனடிக்ட் போப் ஒரு கண்டிப்பான ஆணை போட்டார். மறைபணியாளர்கள் அதற்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்யணும். ஆனா நூறு வருஷம் கழிச்சு, களத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி நடந்தது. ஒரு குரு அனுமதிப்பார், பக்கத்து ஊர்க் குரு தடுப்பார். ரெண்டு பேருமே சத்தியம் செய்தவர்கள்! (இதை "சடங்குச் சர்ச்சை"ன்னு கூப்பிடுவதே மேலிருந்து பார்க்கிற பார்வை. கோவிலில் தனியா உட்கார வைக்கப்பட்டவங்களுக்கு அது சடங்கு இல்லைங்க.)

இப்போ கொஞ்சம் பின்னாடி போகணும், நாலாம் நூற்றாண்டு எகிப்துப் பாலைவனத்துக்கு. எவாக்ரியுஸ்னு ஒரு துறவி. 399ல் இறந்தவர். துறவிகளின் மனசு எப்படியெல்லாம் சிதறும்னு இவர் அளவுக்குக் கூர்ந்து கவனிச்சவங்க குறைவு. அவர் சொல்கிற மோசமான ஆள் நண்பகல் பேய். காலை பத்து மணிக்கு வரும், மதியம் ரெண்டு வரைக்கும் விடாது. சூரியன் நகராத மாதிரி காட்டும். ஜன்னல் பக்கம் திரும்ப வைக்கும். இந்த இடம் சரியில்லை, கூட இருக்கிறவங்களுக்கு அன்பு இல்லை, வேற எங்கேயாவது போனா கடவுளை இன்னும் நல்லா வணங்கலாம்னு காதில் ஓதும். மதியம் மூணு மணி ஆபீஸில் வேலை தேடுற ஆப்பைத் திறக்கிறவங்களுக்கு இது புரியும்.

பிரெசில்லாக்குக்கு வந்ததும் அதே எண்ணம்தான்: இங்கே இருக்க முடியாது. அப்போ அது பேயா? இல்லை மனசாட்சியா?

அவர் இதைக் கையாண்ட விதம்தான் எனக்கு முக்கியமாப் படுது. இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளில் ஒரு விதி உண்டு: மனசு வறண்டு கிடக்கிற நேரத்தில், முன்னாடி எடுத்த முடிவை மாத்தாதே. பேய் எப்பவும் அவசரப்படுத்தும், இப்பவே கிளம்புன்னு. பிரெசில்லாக் கிளம்பலை. கேள்வியை எழுதினார், ரோமிடம் தெளிவு கேட்டார், காத்திருந்தார், வேலையையும் விடலை. 1850ல் கோவை முழு அப்போஸ்தலிக்க விகாரியத்து ஆனபோது அதன் பொறுப்பையும் ஏத்துக்கிட்டார். வருஷங்கள் போயும் கேள்வி போகலை. 1854ல் நேரில் பேச ரோமுக்குப் புறப்பட்டார். 1855ல் அவருடைய ராஜினாமா ஏற்கப்பட்டது. சந்தேகத்தோட ஒரு ஆணையை நிறைவேத்துறது அவரால் முடியலை.

இதைத் தோல்வின்னு சொல்றவங்க இருக்காங்க. நான் அப்படிப் பார்க்கலை. ஜெபத்தை அதிகமாக்கி அந்தக் கேள்வியை அமுக்கியிருக்கலாம், பக்திமானாகவும் தெரிஞ்சிருப்பார். அந்தப் பக்திதான் பராக்கா ஆகியிருக்கும்.

இதோட ஒப்பிட இன்னொருத்தர், சுருக்கமா. 1876ல் மதுரையிலிருந்து எலன் தெ ஷப்போத்தேன் என்ற பிரெஞ்சுத் துறவியும் இன்னும் பல சகோதரிகளும் தங்கள் சபையை விட்டு உதகைக்கு வந்தாங்க. உதகை அப்போ கோவை விகாரியத்துக்குள் இருந்தது. 1877 ஜனவரி 6ல் ரோமின் அனுமதியோட புதுச் சபை பிறந்தது. பின்னாடி அதுவே மரியாயின் பிரான்சிஸ்கன் மறைபணியாளர் சபை. பள்ளி, மருந்தகம்னு ஓயாத வேலை ஒரு பக்கம், நற்கருணை முன் ஆராதனை இன்னொரு பக்கம். ஆராதனையை மிச்ச நேரத்துக்குத் தள்ளாமல், வேலை மாதிரியே முறை வைத்து, ஒருத்தர் எழுந்தா அடுத்தவர் உட்காருவார். மன உறுதியை நம்பாம நேர அட்டவணையை நம்பினாங்க. மில் ஷிப்ட் பார்த்த கோயம்புத்தூர்க்காரங்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும்.

பிரெசில்லாக் பிரான்சுக்குத் திரும்பி, 1856 டிசம்பர் 8ல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபணிச் சபையைத் தொடங்கினார். 1859 மே 14ல் சியரா லியோனின் ஃபிரீடவுனில் இறங்கினார். ஊரில் மஞ்சள் காய்ச்சல். கூட வந்தவர்களும் இறந்தாங்க, ஜூன் 25ல் அவரும். இறங்கி ஆறு வாரம். வயசு 45. 2020ல் போப் பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர்னு அறிவிக்க ஒப்புதல் கொடுத்தார்.

கோவையில் அவர் விட்டுப் போன ரெண்டு கேள்வியில் ஒண்ணுக்குப் பதில் 1940ல் வந்தது. உபகாரசாமி என்ற தமிழர் கோவை ஆயரானார், அந்தப் பொறுப்பில் முதல் இந்தியர். ராஜினாமாவிலிருந்து கணக்குப் போட்டா 85 வருஷம். இன்னொண்ணுக்கு இன்னும் வரலைங்க. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரிக்கிற சுவர் பத்தி அடுத்த வாரம் பேசுவோம்.