கோ-கார்ட் பந்தய நாட்காட்டி

கோ-கார்ட் பந்தய நாட்காட்டி என்பது, ஒரு வட்டாரத்தில் ஒரு பருவத்தில் நடைபெறும் கோ-கார்ட் போட்டிகள் எந்தெந்த நாட்களில், எந்தெந்தத் தடங்களில் நடத்தப்படும் என்பதை முன்கூட்டியே வரையறுக்கும் அட்டவணை ஆகும். வட்டாரக் கழகங்களோ அவற்றின் கூட்டமைப்போ இதனைத் தயாரிக்கின்றன. ஒரே ஓட்டுநர், ஒரே தடம், ஒரே அதிகாரிகள் குழு ஆகியவற்றை வெவ்வேறு அமைப்பாளர்கள் ஒரே வார இறுதியில் நாடும்பொழுது ஏற்படும் முரண்பாடு நாள் மோதல் எனப்படுகிறது. வட்டார நாட்காட்டியைத் தயாரிக்கும் வேலையின் பெரும்பகுதி இம்மோதல்களைத் தவிர்ப்பதே ஆகும்.

கால்பந்து, துடுப்பாட்டம் போன்ற விளையாட்டுகளில் ஓர் அணி ஒரு தொடரில் மட்டும் ஆடுமாறு அட்டவணை அமைக்க இயலும். கோ-கார்ட் பந்தயத்தில் அவ்வாறு இல்லை. ஒரே சிறுவன் தன் ஊர்க் கழகத்தின் தொடரிலும், அண்டை வட்டாரத் தொடரிலும், தேசியத் தொடரிலும் ஒரே ஆண்டில் புள்ளிகளுக்காக ஓட்டக்கூடும். இத்தொடர்களை நடத்துவோர் வெவ்வேறு அமைப்பினர். ஒருவருடைய நாட்காட்டிக்கு மற்றவர் கட்டுப்பட்டவர் அல்லர் என்பதே சிக்கலின் வேர்.

பின்னணி

முதல் கோ-கார்ட் வண்டியை 1956 இல் ஐக்கிய அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்சு என்பவர் உருவாக்கினார். குர்ட்டிசு கிராஃப்ட் என்னும் பந்தயத் தானுந்து நிறுவனத்தில் பணியாற்றிய அவர், ஒரு சிறு இரண்டு-வீச்சு இயந்திரத்தை எளிய குழாய்ச் சட்டகத்தில் பொருத்தினார். தொடக்கத்தில் இவ்வண்டிகளுக்கெனத் தனித் தடங்கள் இல்லை. பாசடீனா நகரின் ரோஸ் பௌல் அரங்கு முதலிய இடங்களின் வாகன நிறுத்துமிடங்களில் இவை ஓட்டப்பட்டன. அரங்கில் வேறு நிகழ்ச்சி இருந்தால் ஓட்ட இடமில்லை என்பதால், நாள் மோதல் இவ்விளையாட்டுடன் கூடவே பிறந்தது எனலாம்.

பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பு 1962 இல் கோ-கார்ட்டுக்கெனத் தனி ஆணையம் ஒன்றை நிறுவியது. முதல் உலகப் போட்டி 1964 இல் உரோமை நகரில் நடைபெற்றது. இத்தாலியின் குவிதோ சாலா அதில் வென்றார். இதன் பின் உலகம், கண்டம், நாடு, வட்டாரம், கழகம் எனப் படிநிலை அமைப்பு உருவானது. மேல்நிலை நாட்காட்டி முதலில் வெளியிடப்படுகிறது. கீழ்நிலை அமைப்புகள் அதில் எஞ்சிய நாட்களிலிருந்து தமக்கு வேண்டியவற்றைத் தெரிவு செய்கின்றன. ஆகவே மேலே செய்யப்படும் சிறு மாற்றமும் கீழே பல மாற்றங்களாகப் பெருகுகின்றது. பிரேசிலின் பிரிகுயி நகரில் நடைபெறவிருந்த 2020 ஆம் ஆண்டு உலகப் போட்டி, கொரோனாப் பெருந்தொற்றினால் போர்த்துகலின் போர்த்திமாவ் நகருக்கு மாற்றப்பட்டு நவம்பரில் நடத்தப்பட்டது. அதற்குத் தெரிவான ஓட்டுநர்கள் வேறு எந்தத் தொடருக்கு அந்நாட்களை ஒதுக்கியிருந்தாலும் அதனை மாற்ற வேண்டியதாயிற்று.

நாட்களைக் குறைக்கும் காரணிகள்

ஓராண்டில் 52 வார இறுதிகள் உள்ளன. அவற்றுள் பயன்படத்தக்கவை இதைவிட மிகக் குறைவு.

முதலாவது தடம். பல தடங்களின் உரிமையாளர்களுக்கு முதன்மையான வருவாய் பந்தயத்திலிருந்து வருவதில்லை; வாடகைக் கோ-கார்ட்டில் பொழுதுபோக்க வருவோரிடமிருந்து வருகிறது. அவர்கள் மிகுதியாக வருவதும் சனி, ஞாயிறுகளிலேயே. மேலும் இரைச்சல் காரணமாக, ஆண்டில் இத்தனை நாட்கள் மட்டுமே பந்தயம் நடத்தலாம் என்று சில தடங்களுக்கு உள்ளூராட்சி வரம்பு விதிப்பதுண்டு. இங்கிலாந்தின் செனிங்டன் தடம், இரண்டாம் உலகப் போர்க்கால வானூர்தித் தளம் ஒன்றில் அமைந்துள்ளது. அதே தளத்தை மிதவை வானூர்திக் கழகம் ஒன்றும் பயன்படுத்துகிறது. லிங்கன்சயரில் உள்ள பி.எஃப். இன்டர்நேசனல் தடத்தில் 2017 இலும் 2024 இலும் உலகப் போட்டிகள் நடந்தன. இத்தகைய பெரும் நிகழ்ச்சிக்கு ஒரே வார இறுதி போதாது; முன்பயிற்சி நாட்களையும் சேர்த்தே தடத்தை ஒதுக்க வேண்டும். அதுவரை உள்ளூர்க் கழகம் ஒதுங்கி நிற்க வேண்டும்.

இரண்டாவது ஆட்கள். வளைவுகளில் கொடி காட்டும் மார்சல்களும் வண்டிகளைப் பரிசோதிக்கும் அதிகாரிகளும் வட்டாரப் போட்டிகளில் பெரும்பாலும் தன்னார்வலர்களே. அண்டைத் தடங்கள் இரண்டிலும் ஒரே மார்சல்களே நிற்பது வழமை. ஓட்டுநர் பட்டியலை மட்டும் பார்த்து நாள் குறிக்கும் அமைப்பாளர் இதனை எளிதில் மறந்துவிடுகிறார். போதிய மார்சல்களும் மருத்துவக் குழுவும் இல்லாமல் பந்தயத்தைத் தொடங்க இயலாது. ஓட்டுநர் வராவிட்டால் ஓர் இடம் வெறுமையாகும். மார்சல் வராவிட்டால் முழுப் போட்டியே நின்றுபோகும்.

மூன்றாவது பள்ளி. இவ்விளையாட்டில் ஈடுபடுவோருள் பெரும்பகுதியினர் சிறுவர்கள். பன்னாட்டு விதிகளின்படி ஓகே இளையோர் பிரிவில் ஓட்டத் தொடங்குவோர் 12 வயதினர். பிரித்தானியாவில் ஜி.சி.எஸ்.இ. தேர்வுகள் மே, சூன் மாதங்களில் வருகின்றன. தேர்வை விட்டுவிட்டு வா என்று எந்த அமைப்பாளரும் கேட்க இயலாது.

மழை ஒப்பீட்டளவில் சிறிய தடையே. ஈரத்தடத்துக்குரிய சக்கரப் பட்டைகளைப் பொருத்தி மழையிலும் கோ-கார்ட் ஓட்டலாம். வெள்ளம், இடி, அடர்பனி ஆகியவையே போட்டியை நிறுத்துகின்றன.

மாதத்தின் ஞாயிறு முறை

பிரித்தானியக் கழகங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் வழக்கம், ஒவ்வொரு கழகமும் மாதத்தின் குறிப்பிட்ட வார இறுதியைத் தனதாக்கிக் கொள்வதாகும். ஒரு கழகத்துக்கு முதல் ஞாயிறு, மற்றொன்றுக்கு இரண்டாம் ஞாயிறு என்றவாறு பிரித்துக்கொண்டால் ஆண்டுதோறும் பேச்சுவார்த்தை நடத்த வேண்டிய தேவை குறையும். ஓட்டுநரின் பெற்றோரும் நாட்களை மனப்பாடமாக அறிந்திருப்பர்.

இம்முறையில் மூன்று இடங்களில் ஓட்டை உள்ளது. ஒன்று, ஈசுட்டர் பெருநாள் மார்ச் 22 க்கும் ஏப்ரல் 25 க்கும் இடையில் நகர்ந்துகொண்டே இருக்கும். 2026 இல் அது ஏப்ரல் 5, அதாவது ஏப்ரலின் முதல் ஞாயிறு. இரண்டாவது, சில மாதங்களில் ஐந்து ஞாயிறுகள் வருகின்றன. ஐந்தாவது யாருக்கும் உரியதன்று. அதனைப் பிடிக்கப் போட்டி ஏற்படும்.

மூன்றாவது ஓட்டை நுட்பமானது. நிரல் எழுதுவோருக்கு நன்கு பழக்கமான எல்லைப் பிழை இது. வட்டாரப் போட்டி பொதுவாகச் சனியன்று பயிற்சி, ஞாயிறன்று பந்தயம் என இரண்டு நாள் நிகழ்ச்சி. ஒரு கழகம் இரண்டாம் ஞாயிறு என்றும், அண்டைக் கழகம் முதல் சனி என்றும் தன் விதியை எழுதி வைத்திருப்பதாகக் கொள்வோம். பெரும்பாலான மாதங்களில் இவை வெவ்வேறு வாரங்கள். ஆனால் மாதத்தின் முதல் நாளே ஞாயிறாக இருந்தால் முதல் சனி 7 ஆம் நாளிலும் இரண்டாம் ஞாயிறு 8 ஆம் நாளிலும் வரும். இரண்டும் ஒரே வார இறுதி. 2026 இல் பெப்ரவரி, மார்ச், நவம்பர் ஆகிய மூன்று மாதங்களும் ஞாயிறன்று தொடங்குகின்றன. விதியைச் சனியால் எழுதுவதா ஞாயிறால் எழுதுவதா என்பதை எல்லாக் கழகங்களும் ஒருமித்து முடிவு செய்தால் இம்மோதல் எழாது.

எளிய கணக்கு ஒன்று இடநெருக்கடியைக் காட்டும். 2026 மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரை 35 ஞாயிறுகள் உள்ளன. பல கழகங்கள் குளிர்காலத்திலும் போட்டி நடத்துகின்றன எனினும் எளிமைக்காக இந்த எட்டு மாதங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். நான்கு கழகங்கள் மாதம் ஒரு போட்டி நடத்தினால் 32 ஞாயிறுகள் தீர்ந்துவிடும். ஈசுட்டருக்கு ஒன்று போக எஞ்சுபவை இரண்டே. ஆறு போட்டிகள் கொண்ட தேசியத் தொடர் ஒன்றை இதற்குள் புகுத்தினால் குறைந்தது நான்கு மோதல்கள் உறுதி. எனவே நடைமுறையில் கேட்கப்படும் கேள்வி மோதலே இல்லாத நாட்காட்டி எது என்பதன்று. எந்த மோதல் குறைந்த பாதிப்பைத் தரும் என்பதே.

கணித நோக்கு

இச்சிக்கலைக் கோட்டுரு நிறந்தீட்டலாக எழுதலாம். ஒவ்வொரு போட்டியும் ஒரு முனை. இரண்டு போட்டிகளுக்குப் பொதுவான ஓட்டுநரோ தடமோ அதிகாரியோ இருந்தால் அம்முனைகள் ஒரு விளிம்பால் இணைக்கப்படும். ஒவ்வொரு வார இறுதியும் ஒரு நிறம். இணைக்கப்பட்ட முனைகள் ஒரே நிறம் பெறக்கூடாது. நிறங்கள் போதாதபொழுது விளிம்புகளுக்கு எடை தரப்படுகிறது. சென்ற ஆண்டின் நுழைவுப் பட்டியல்களை ஒப்பிட்டு, இரண்டிலும் இடம்பெற்ற பெயர்களின் எண்ணிக்கையை எடையாகக் கொள்ளலாம். ஒரே நிறம் பெற்ற விளிம்புகளின் மொத்த எடையைக் குறைப்பதே இலக்கு.

பொதுவான நிலையில் இது கணிப்பதற்குக் கடினமான சிக்கல்களுள் ஒன்று. விளையாட்டு அட்டவணையாக்கம் தனி ஆய்வுத்துறையாகவே வளர்ந்துள்ளது. அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் தொடரின் அட்டவணையை 2004 வரை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என்றி, ஹோலி சுடீபன்சன் என்னும் தம்பதியரே தயாரித்து வந்தனர். வட்டாரக் கோ-கார்ட் பருவமோ சில பத்துப் போட்டிகளே கொண்டது. சாதாரணக் கணினியும் ஒரு விரிதாளும் போதும். எடைகளை யார் தருவது என்பதில்தான் உடன்பாடு கிடைப்பதில்லை. ஒவ்வொரு கழகமும் தன் போட்டியே நகர்த்த முடியாதது என்று கூறும்.

மோதலின் விளைவுகள்

வட்டாரப் போட்டிகளில் ஒரு பிரிவில் கலந்துகொள்வோர் தொகை சிறியது. 24 பேர் வரவேண்டிய பிரிவில் 10 பேர் வேறிடம் சென்றால் நுழைவுக் கட்டண வருவாய் ஏறத்தாழ 42 விழுக்காடு குறையும். தடவாடகை, மருத்துவ ஊர்தி, நேரக்கணிப்பு ஆகியவற்றின் செலவு குறைவதில்லை. அதே நாளில் மற்றைய கழகமும் 14 பேரை இழந்து நிற்கும். ஆகவே பெரும்பாலும் இரு தரப்பும் நட்டமடைகின்றன.

ஓட்டுநருக்கு ஏற்படும் இழப்பைக் காட்டும் நன்கு அறியப்பட்ட நிகழ்வு, மேல்நிலைத் தொடர் ஒன்றைச் சேர்ந்தது. 2016–17 ஃபார்முலா ஈ பருவத்தில் செபாசுட்டியன் புவேமி 32 புள்ளிகள் முன்னணியில் இருந்தார். 2017 சூலையில் நியூயார்க்கில் நடந்த இரு பந்தயங்கள், செருமனியின் நூர்பர்கிரிங்கில் நடந்த ஆறு மணிநேரப் பந்தயத்துடன் ஒரே வார இறுதியில் வந்தன. டொயோட்டா அணியுடன் கொண்ட ஒப்பந்தப்படி புவேமி செருமனிக்குச் சென்றார். லூக்காசு டி கிராசி நியூயார்க்கில் 22 புள்ளிகள் சேர்த்தார். இறுதியாக மொண்ட்ரியாலில் டி கிராசி 181 புள்ளிகளுடன் பட்டம் வென்றார், புவேமி 157. மொண்ட்ரியாலில் புவேமி புள்ளி எதுவும் பெறவில்லை என்பதால் நாள் மோதல் ஒன்றையே காரணமாகக் கூறுவது சரியன்று. ஆயினும் 32 ஆக இருந்த இடைவெளி அவர் இல்லாத வார இறுதியில்தான் 10 ஆகச் சுருங்கியது.

தணிக்கும் வழிகள்

வட்டாரத் தொடர்களில் பரவலாக உள்ள தீர்வு, கழிவு முறை. எடுத்துக்காட்டாகப் பத்துப் போட்டிகளில் சிறந்த எட்டு மட்டும் கணக்கில் கொள்ளப்படும். மோதும் நாளில் வராதவர் அதனைத் தன் கழிவாக வைத்துக்கொள்ளலாம். இயந்திரக் கோளாறுக்காக ஒதுக்கிய காப்பினை இவ்வாறு செலவழித்துவிடுவது இதன் குறை. மேலும் பட்டியலைப் பார்ப்போருக்குக் குழப்பம் ஏற்படும். 1988 ஃபார்முலா 1 பருவத்தில் 16 பந்தயங்களில் சிறந்த 11 மட்டும் கணக்கிடப்பட்டன. மொத்தமாக அலன் புரோசுட்டு 105 புள்ளிகளும் அயர்டன் சென்னா 94 புள்ளிகளும் பெற்றனர். கழித்தபின் சென்னா 90, புரோசுட்டு 87. பட்டம் சென்னாவுக்குச் சென்றது. 1991 முதல் ஃபார்முலா 1 இம்முறையைக் கைவிட்டது.

இன்னொரு வழி தனி விலக்கு. 2024 மே 26 அன்று கைல் லார்சன் ஒரே நாளில் இண்டியானாபொலிசு 500, சார்லட் 600 ஆகிய இரு பந்தயங்களிலும் ஓட்ட முயன்றார். மழையால் முதலாவது ஏறத்தாழ நான்கு மணிநேரம் தாமதமாகத் தொடங்கியது. அவர் சார்லட் வந்து சேர்ந்தபொழுது அங்கும் மழை. பந்தயம் மீண்டும் தொடங்கவே இல்லை. எல்லாப் பந்தயங்களிலும் தொடக்கத்தில் இருக்க வேண்டும் என்ற விதிக்கு நாசுகார் அமைப்பு சூன் மாதத்தில் அவருக்கு விலக்கு அளித்தது. புகழ்பெற்ற ஓட்டுநருக்குக் கிடைக்கும் இத்தகைய விலக்கு, கழகத் தொடரில் ஓட்டும் பத்து வயதுச் சிறுமிக்கும் கிடைக்குமாறு விதியை முன்னரே எழுதி வைப்பது நல்லது.

நாளை மாற்ற இயலாதபொழுது நேரத்தையாவது மாற்றலாம். 2016 சூன் 19 அன்று பக்கூவில் நடந்த ஐரோப்பிய கிராண்ட் பிரீ, லு மான் 24 மணிநேரப் பந்தயத்துடன் மோதியது. பக்கூவின் தொடக்க நேரம், லு மான் முடிவடையும் நேரத்துக்கு இணையாக வைக்கப்பட்டது. இதனால் பார்வையாளர்கள் இரண்டையும் காண முடிந்தது. ஓட்டுநருக்கு இதனால் பயனில்லை. முந்தைய ஆண்டு லு மானில் வென்ற நிக்கோ உல்க்கன்பர்க் 2016 இல் அங்கு செல்ல இயலவில்லை.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இச்சிக்கலின் வடிவம் சற்று வேறுபட்டது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்திலும் பந்தயத் தடங்கள் உள்ளன. கழகங்களும் தடங்களும் பிரித்தானியாவை விடக் குறைவு என்பதால் கழகங்களுக்கிடையிலான மோதலும் குறைவு. இங்கு நாட்களைக் குறைப்பவை பருவமழையும் பொதுத்தேர்வும் ஆகும். கடலோர மாவட்டங்களில் அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மார்ச்சு மாதத்தில் பொதுத்தேர்வுகள். தீபாவளியும் பொங்கலும் மேலும் சில வார இறுதிகளை எடுத்துக்கொள்கின்றன.

2023 திசம்பர் 9, 10 ஆகிய நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடைபெறவிருந்த தெருப் பந்தயம், மிக்சாம் புயலின் வெள்ளத்தினால் ஒத்திவைக்கப்பட்டு, 2024 ஆகத்து 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் நடத்தப்பட்டது. நிரந்தரத் தடமாக இருந்தால் சில வாரங்களில் மாற்று நாள் கிடைத்திருக்கக்கூடும். பொதுச்சாலைகளை மூடி நடத்தும் பந்தயத்துக்கு ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது.