அகிற்புகையில் உலர்ந்த கூந்தல்

தியாகதுருகம் என்றதும் வரலாறு கற்றவர்களுக்கு அங்குள்ள குன்றுக் கோட்டைதான் நினைவிற்கு வரும். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அக்கோட்டைக்காகப் பொருதனர். கோட்டைக்கு வரலாறு உண்டு. கூந்தலுக்கும் வரலாறு உண்டோ என்று நீங்கள் வினவலாம். உண்டு. தியாகதுருகத்திலிருந்து மேற்கே சென்று, கள்ளக்குறிச்சியைக் கடந்தால் கல்வராயன் மலை எழுந்து நிற்கும். அம்மலையில் விளையும் பொருள்களுள் கடுக்காயும் ஒன்று. அந்தக் கடுக்காயிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், கோவலனுடைய ஊடலைத் தீர்க்க விரும்பிய மாதவி நீராடி அணிசெய்துகொள்கிறாள். பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் அவள் கூந்தல் கழுவப்படுகிறது. அந்தப் பத்துத் துவர்களுள் நெல்லிக்காய், தான்றிக்காய் ஆகியவற்றோடு கடுக்காயையும் பழைய உரை சேர்த்து எண்ணுகிறது. கழுவிய கூந்தலைப் புகையில் உலர்த்துகிறார்கள். உலர்ந்த பிறகே, பகுதி பகுதியாகப் பிரித்துக் கத்தூரிக் குழம்பு பூசுகிறார்கள். இந்த வரிசையை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். துவர்ப்பொருள் எண்ணெய்ப் பிசுக்கை நீக்குகிறது. புகையின் வெம்மை ஈரத்தைப் போக்குகிறது. நறுமணம் இறுதியிலேதான் வருகிறது.

வெயில் இருக்கப் புகை எதற்கு? இதற்கு நெடுநல்வாடை விடை தருகிறது. வாடைக் காற்றும் மழையும் வாட்டும் கூதிர்க் காலத்தில் கூந்தல் எளிதில் உலர்வதில்லை. ஆகவே மகளிர் நிறைந்த மாலைகளைச் சூடாமல் சில மலர்களையே முடித்தார்கள். தகர விறகில் நெருப்பு மூட்டி, அகிலையும் வெள்ளயிரையும் இட்டுப் புகைத்தார்கள். நறுமணம் மட்டும் அவர்கள் நாடியதன்று. குளிருக்கும் ஈரத்திற்கும் மாற்றும் அதுவே.

இதில் அடங்கிய இயற்கை உண்மை எளியது. நம் மயிர் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நீர் பட்டவுடன் அப்புரத இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நெகிழ்கின்றன. உலரும்போது மீண்டும் இறுகுகின்றன. எந்த நிலையில் உலர்கிறதோ அந்த நிலையிலேயே மயிர் நிற்கும். ஈரத்தோடு தலையிற் படிந்து உலர்ந்தால் படிந்தே கிடக்கும். வேரிலிருந்து தூக்கி, விரல்களால் அலைத்து, கீழிருந்து எழும் வெம்மையில் உலர்த்தினால் அடர்த்தியாய்த் தோன்றும். தணல் இட்ட தூபக்காலின்மேல் மூங்கிற் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் கூந்தலை விரித்துப் போடும் பழக்கம் இந்த உண்மையைக் கைப்பழக்கமாகவே அறிந்திருந்தது.

புகைக்குரிய பொருள்களோ தொலைவிலிருந்தும் வந்தன. சாம்பிராணி சுமத்திரா நாட்டு மரத்தின் பிசின். அத்தீவின் மேற்குக் கரையில், பாரூசுக்கு அருகே, 1088ஆம் ஆண்டிற்குரிய தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகர் குழு அங்கே இயங்கியதை அது காட்டுகிறது. கற்பூரத்திற்கும் சாம்பிராணிக்கும் பேர்போன துறை அது. ஒரு பெண்ணின் தலை ஈரம் உலர, மலைக் கடுக்காயும் கடல் கடந்த பிசினும் ஒருங்கே உதவியிருக்கின்றன.

ஆயினும் இந்த நறும்புகை எல்லார்க்கும் கிட்டவில்லை. அதே சிலப்பதிகாரத்தில், கணவனைப் பிரிந்த கண்ணகியின் கூந்தல் நெய்யணியை மறந்து கிடக்கிறது. பின்னர்ப் பாண்டியன் அவையில் அவள் நிற்கும்போது அக்கூந்தல் அவிழ்ந்து விரிந்திருக்கிறது. கணவனை இழந்த மகளிர் கூந்தலைக் களைந்த வழக்கத்தைப் புறநானூறு கூறுகிறது. கூந்தலைப் பேணும் உரிமை அவளுடையதாக இல்லை. கணவன் அருகிருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை என்பதே நிலை. அகிற்புகையின் மணத்தைப் போற்றும் நாம் இந்தக் குறையை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு நாட்டு முடிதிருத்துநர் அலெக்சாந்தர் கொதெஃபுருவா கூந்தல் உலர்த்தும் பொறி ஒன்றை அமைத்தார். 1920களில் கையில் பிடிக்கும் மின் உலர்த்திகள் பரவின. இன்று அது நம் சிற்றூர் வீடுகளுக்கும் வந்துவிட்டது. முறை பழையதே. துணியால் ஈரத்தை ஒற்றி, கூந்தலைப் பகுதிகளாகப் பிரித்து, வேரைத் தூக்கி மிதமான வெம்மையில் உலர்த்த வேண்டும். முடிவில் குளிர்ந்த காற்றைச் செலுத்தினால் எழுந்த வடிவம் நெடுநேரம் நிற்கும். மிகுந்த வெப்பம் மயிரை முறிக்கும். மீண்டும் ஈரம் பட்டால் வடிவம் கலையும். பிள்ளை பெற்றவளுக்கும் பச்சிளங் குழந்தைக்கும் சாம்பிராணிப் புகை காட்டும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. குழந்தையின் நுரையீரலுக்குப் புகை ஆகாது என்று மருத்துவர் எச்சரிக்கின்றனர். பழமையில் கொள்வன கொள்வோம், தள்ளுவன தள்ளுவோம்.

பொறியால் நாம் இழந்ததும் ஒன்று உண்டு. முன்னாளில் ஒருத்தியின் கூந்தல் உலர மற்றொருத்தியின் கை வேண்டியிருந்தது. தாயோ தமக்கையோ பின்னால் அமர்ந்து, சிக்கெடுத்துக்கொண்டே ஊர்ச்செய்தி பேசுவாள். இன்று தனியே நின்று சிறு பொழுதில் உலர்த்திக்கொள்கிறோம். ஆனால் பெற்றதும் சிறிதன்று. மணமானவளோ மணமாகாதவளோ கணவனை இழந்தவளோ, எவளாயினும் தன் கூந்தலைத் தன் விருப்பப்படி பேணலாம். அதற்கு எவர் இசைவும் வேண்டியதில்லை. மாதவிக்குக் கிடைத்ததும் கண்ணகி இழந்ததும் இனி எல்லார்க்கும் உரியதாகட்டும். கோட்டையை வென்ற செய்திகளோடு இந்தச் சிறு வெற்றியையும் நம் வரலாறு எழுதிவைக்க வேண்டும்.